கொசுவின் மரபணுத்தொகை ஆய்வும் இளம் ஆய்வாளர் பயிற்சியும்

அனாபிலஸ் ஸ்டீபன்சி என்பது இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசு இனம். 2016-ஆம் ஆண்டில் சென்னையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் இந்தக் கொசு சேகரிக்கப்பட்டது. அந்த வகையின் மரபணுத்தொகை, அதாவது அதன் டி.என்.ஏ. எழுத்துகள் அனைத்தும் அடங்கிய முழு வரிசை, பெங்களூரைச் சேர்ந்த ஆய்வுக் குழுவால் தொகுக்கப்பட்டு 2022-இல் வெளியிடப்பட்டது. கட்டடத் தளத்தில் தேங்கிய தண்ணீருக்கும் கணினித் திரைக்கும் இடையே பல வகையான திறமைகள் தேவைப்படுகின்றன. அத்திறமைகள் இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும், தலைமுறை தலைமுறையாக எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி: நகரத்துக் கொசு

மலேரியாவைக் காட்டுக்கும் வயலுக்கும் உரிய நோயாகக் கருதுவோர் உண்டு. ஆனால் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் சென்னையில்தான் பதிவாகி வந்தனர். இதற்குக் காரணம் ஸ்டீபன்சியின் பழக்கம். இது சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. கிணறு, தரைக்கீழ்த் தொட்டி, மூடி சரியாகப் பொருந்தாத மொட்டைமாடித் தொட்டி ஆகியவற்றில் உள்ள நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம் காயாமல் இருக்கப் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீரும் அதற்குப் போதும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, வெள்ளானூர் எனச் சென்னையின் மேற்குப் பக்கம் முழுவதும் ஏரிகளையும் வயல்களையும் ஒட்டி மனைகளும் அடுக்கு வீடுகளும் பெருகியுள்ளன. கட்டடம் எழும்பும் இடங்களில் வெளியூர்த் தொழிலாளர்கள் தங்குகின்றனர். அவர்களில் ஒருவர் உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தால், அருகிலுள்ள தொட்டியில் பிறந்த கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டு செல்லும். ஆகவே இக்கொசுவைப் பற்றிய ஆய்வு இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வோடு தொடர்புடையது.

நுண்ணோக்கிக் காலம்

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனாபிலஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். உலகக் கொசு நாள் இன்றும் அந்தத் தேதியில்தான் நினைவுகூரப்படுகிறது. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் அவர் காட்டினார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் மகமது பக்ஸ். கொசு பிடிக்கவும் வளர்க்கவும் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் இத்துறையில் எந்தக் கண்டுபிடிப்பும் நடந்ததில்லை என்பதற்கு அவர் ஒரு தொடக்கச் சான்று.

ஸ்டீபன்சி இனத்துக்கு 1901-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் லிஸ்டன். 1937-இல் ஸ்வீட், ராவ் என்னும் இரு ஆய்வாளர்கள், ஒரே இனமாகத் தோன்றிய இக்கொசுவில் வேறுபட்ட வகைகள் உண்டு என்று எழுதினர். இதற்கு அவர்கள் முட்டையைப் பார்த்தனர். அனாபிலஸ் முட்டையின் இரு பக்கங்களிலும் அதை மிதக்க வைக்கும் காற்றுப் பை போன்ற அமைப்பு இருக்கும். அதன் மேலுள்ள வரிகளின் எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். நகரத்தில் மிகுதியாகக் காணப்படும் மூலவகைக்கு 14 முதல் 22 வரிகளும், மைசூர் பெயரால் 'மைசூரென்சிஸ்' எனப்படும் ஊர்ப்புற வகைக்கு 9 முதல் 15 வரிகளும் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வகை பின்னர் இனங்காணப்பட்டது. டி.என்.ஏ.வின் அமைப்பு தெரிவதற்கு முன்பே, ஓர் இனத்துக்குள் மறைந்திருந்த மரபு வேறுபாட்டை நுண்ணோக்கியில் வரி எண்ணியே கண்டுவிட்டனர்.

அதே காலத்தில் மேட்டூர் அணைத் திட்டத்தின் பாசனம் தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டைப் பகுதிக்கு நீண்டது. அதைத் தொடர்ந்து அங்கு மலேரியாவும் பெருகியது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரசல், டி. ராமச்சந்திர ராவ் ஆகியோர் அங்கே தங்கி, அனாபிலஸ் கியூலிசிபேசிஸ் என்ற ஊர்ப்புறக் கொசுவை ஆராய்ந்தனர். நடவு முடிந்த புதிதில் வயலில் முட்டையிடும் கொசு, பயிர் உயர்ந்து அடர்ந்த பின் ஏன் வருவதில்லை என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. நெருங்கி நிற்கும் தண்டுகள் முட்டையிடும் கொசுவுக்குத் தடையாகின்றன என்று கண்டனர். வயல்வெளியில் இவ்வாறு பயின்ற ராமச்சந்திர ராவ் பின்னாளில் புனே வைரஸ் ஆய்வு மையத்தின் இயக்குநரானார். இந்திய அனாபிலஸ் கொசுக்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் பூச்சியியல் மாணவர்களின் அடிப்படை நூலாக உள்ளது.

ஒழிப்புத் திட்டமும் அதன் பாடமும்

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்று மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. டி.டி.டி. தெளிப்பால் 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 1 இலட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. ஆனால் 1976-இல் அந்த எண்ணிக்கை 64 இலட்சத்தைத் தாண்டியது. நிதி, நிருவாகக் குறைகளோடு, கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கக் கற்றுக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

"கற்றுக்கொண்டது" என்பது பேச்சு வழக்கு. உண்மையில் நடப்பது தேர்வு. இலட்சம் கொசுக்களில் சிலவற்றின் மரபணுவில் தற்செயலாக ஒரு சிறு மாற்றம் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது அவை தப்பிப் பெருகும். சில தலைமுறைகளில் அந்த மாற்றம் உடையவையே மிஞ்சும். இதைத் தாமதமாக உணர்வதற்குப் பதில் முன்கூட்டியே அறிய வேண்டுமானால் கொசுவின் மரபியலைத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வலுப்பட்டது.

தில்லி ஆய்வுப் பிரிவும் 1975-ஆம் ஆண்டு நிகழ்வும்

உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, கொசுக்களை மரபியல் முறையில் கட்டுப்படுத்தும் ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தில்லியில் நடத்தின. 1969-இல் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்க நிதி பயன்படுத்தப்பட்டது. மலடாக்கப்பட்ட ஆண் கொசுக்களை வெளியில் விடுதல், குரோமோசோம் துண்டுகளை இடம் மாற்றிய கொசுக்களை உருவாக்குதல், இணை சேர்ந்தாலும் முட்டை பொரியாதபடி செய்யும் முறையைப் பயன்படுத்துதல் ஆகியவை அங்கே ஆராயப்பட்டன. இவ்வளவு பெரிய அளவில் கொசு மரபியலைக் கையால் செய்து கற்கும் வாய்ப்பு அக்காலத்தில் உலகில் வேறு சில இடங்களிலேயே இருந்தது. இந்தியப் பூச்சியியலாளர் பலர் அங்கே பயின்றனர்.

1974-இல் இப்பிரிவைப் பற்றி இந்திய நாளிதழ்களில் ஐயங்கள் எழுந்தன. ஏடிஸ் எகிப்தி கொசுவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சலோடு தொடர்புடைய தகவல்கள் யாருக்குப் பயன்படும், உயிரியல் போருக்கான தரவு திரட்டப்படுகிறதா என்ற கேள்விகள் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை சென்றன. ஆய்வாளர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். ஆயினும் அரியானாவின் சோனிபட் நகரில் நடக்கவிருந்த ஏடிஸ் வெளியீடு 1975-இல் நிறுத்தப்பட்டது. பிரிவும் அதே ஆண்டு முடிவுக்கு வந்தது.

இந்நிகழ்வை இரு விதமாகப் பார்ப்போர் உண்டு. அயல்நாட்டுத் திட்டத்தைக் கேள்வி கேட்டது நாட்டின் உரிமை என்பது ஒரு பார்வை. பயனுள்ள ஆய்வு அச்சத்தால் முடங்கியது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓர் உண்மை பொதுவாக உள்ளது. தங்கள் ஊரில் என்ன விடப்படுகிறது, ஏன் விடப்படுகிறது என்பது மக்களுக்கு அவர்கள் மொழியில் போதிய அளவு விளக்கப்படவில்லை. கொசு மரபியல் பயிலும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

புதுச்சேரி, மதுரை, அயப்பாக்கம்

அதே 1975-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. தில்லிப் பிரிவில் பணியாற்றிய பி. கே. ராஜகோபாலன் அதன் முதல் இயக்குநரானார். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்த 1980-களின் தொடக்கத்தில் புதுச்சேரி நகரிலேயே ஐந்தாண்டுத் திட்டம் நடத்தப்பட்டது. வடிகால் சீரமைப்பு, மீன் வளர்ப்பு, மக்கள் பங்கேற்பு ஆகியவை அதில் இணைந்தன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் இம்மையம் பூச்சியியலில் முதுநிலைப் பட்டப்படிப்பையும் நடத்தி வருகிறது. நாட்டின் பல மாநிலங்களில் பணியாற்றும் பூச்சியியல் வல்லுநர்கள் பலர் அங்கே படித்தவர்கள்.

1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் உருவானது. தென்னார்க்காடு பகுதியின் நெல் வயல்களில் பெருகும் கொசுக்களால் பரவிய மூளைக் காய்ச்சலை அது நெடுங்காலம் ஆராய்ந்தது. பின்னர் அது புதுச்சேரி மையத்தின் கள நிலையமாக மாறியது.

சென்னையின் மேற்குப் புறநகரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999-இல் இணைக்கப்பட்டு, தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் உருவானது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள இந்நிறுவனம் மருத்துவர்களுக்கும் பொதுநலத் துறையினருக்கும் களப்பணி சார்ந்த முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. அதே வளாகத்தில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவும் செயல்பட்டு வந்தது. 2010-இல் அமெரிக்க நிதியுதவியுடன் தொடங்கிய இந்திய மலேரியா பற்றிய பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தின் களங்களில் சென்னையும் ஒன்று.

மரபணுத்தொகைக் காலம்

2002-இல் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலஸ் காம்பியேவின் மரபணுத்தொகை வெளியானது. அதன் நீளம் ஏறத்தாழ 27.8 கோடி எழுத்துகள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தியின் தொகை 2007-இலும், கியூலெக்ஸின் தொகை 2010-இலும் வந்தன. ஸ்டீபன்சியின் இந்திய வகை ஒன்றின் தொகை 2014-இல் வெளியானது. இவற்றில் முக்கியப் பணிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நடந்தன. கொசுவின் ஊர் ஒன்றாகவும் அதைப் படித்தவர்களின் ஊர் வேறாகவும் இருந்தன.

மரபணுத்தொகையைப் படிப்பது என்றால் என்ன? ஒரு தடித்த புத்தகத்தின் பல படிகளை ஒன்றாகப் போட்டுத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் உள்ள வரிகளை மட்டும் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருக்கும் இடங்களைப் பார்த்து மூலப் புத்தகத்தை மீண்டும் வரிசைப்படுத்த வேண்டும். ஒரே வரி நூறு பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தால் குழப்பம் ஏற்படும். அதைத் தீர்க்கும் கணினி முறைகளை அறிந்தவரே தொகுப்பாளர்.

சென்னைக் கொசுவின் தொகுப்பு

இப்பின்னணியில்தான் முன்னர்க் கூறிய சென்னை வகையின் தொகுப்பு முக்கியத்துவம் பெறுகிறது. பெங்களூரின் உயிர்த்தகவலியல் மற்றும் பயன்பாட்டு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தின் பேராசிரியர் சுபாஷிணி சீனிவாசனும் அவர் குழுவினரும் இப்பணியைச் செய்தனர். அந்நிறுவனம் முதுநிலை மாணவர்களுக்கு உயிர்த்தகவலியல் கற்பிக்கும் நிறுவனமும் ஆகும்.

அவர்கள் ஆராய்ந்த கேள்வி குறிப்பானது. ஸ்டீபன்சிக்கு மூன்று இணைக் குரோமோசோம்கள் உண்டு. சில கொசுக்களில் இரண்டாம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும். புத்தகத்தைப் பைண்டு செய்யும்போது நடுவில் சில பக்கங்கள் மட்டும் எதிர் வரிசையில் தைக்கப்பட்டது போன்றது இது. எழுத்துகள் எல்லாம் இருக்கும். வரிசை மட்டும் மாறியிருக்கும். இவ்வாறு திரும்பிய பகுதியின் நீளம் 1.65 கோடி எழுத்துகள். பல்வேறு சூழல்களுக்கு ஏற்பக் கொசு தன்னை மாற்றிக்கொள்வதோடு இத்திருப்பம் தொடர்புடையது என்று கருதப்படுகிறது.

முன்பு படிக்கப்பட்ட இரண்டு வகைகளில் ஒன்றில் இத்திருப்பம் இணையின் ஒரு பக்கத்திலும், மற்றொன்றில் இரு பக்கங்களிலும் இருந்தது. சென்னை வகையில் இரு பக்கங்களிலும் திருப்பம் இல்லாத இயல்பு வரிசை இருந்தது. மூன்று நிலைகளும் கிடைத்ததால் ஒப்பிட முடிந்தது. திருப்பம் எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. ஒரு கொசுவில் திருப்பம் உள்ளதா என அறிய உதவும் 22,650 ஓரெழுத்து வேறுபாடுகள் பட்டியலிடப்பட்டன. வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த 82 கொசுக்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரண்டு வரிசைகளையும் ஒருங்கே கொண்டிருந்தது. 1937-இல் முட்டை வரிகளை எண்ணிய முயற்சி இங்கே எழுத்துகளை எண்ணும் முயற்சியாக வளர்ந்திருப்பதைக் காணலாம்.

பயிற்சியின் படிகள்

இத்துறையில் நுழையும் இளம் ஆய்வாளர் கற்க வேண்டியவை பல. முதலில் களப்பணி. அகப்பையால் தண்ணீரை மொண்டு புழுக்களை எண்ணுதல், விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்திலும் வீட்டுச் சுவரிலும் அமர்ந்திருக்கும் கொசுவை உறிஞ்சுகுழாயால் பிடித்தல், பிடித்த இடம், நாள், தண்ணீரின் தன்மை ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்தல் ஆகியவை அதில் அடங்கும். அடுத்தது இனங்காணல். சிறகின் புள்ளிகள், காலின் வளையங்கள், உணர்கொம்பின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு இனத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். தவறான பெயர் ஒட்டிய குப்பியிலிருந்து எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் படித்தாலும் தவறான விடையே வரும்.

மூன்றாவது ஆய்வுக்கூட வேலை. கொசுவைக் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பதும் அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பதும் இதில் வரும். நான்காவது கணினி வேலை. துண்டுகளைத் தொகுத்தல், மரபணுக்களைக் குறித்தல், புள்ளியியல் முறையில் ஒப்பிடுதல் ஆகியவை இதில் உள்ளன. கடைசியாக, கிடைத்த முடிவை மீண்டும் களத்துக்குக் கொண்டு செல்லுதல். தொட்டிகளில் இடப்படும் அபேட் மருந்துக்குப் புழுக்கள் இன்னும் சாகின்றனவா, எதிர்ப்புத்தன்மைக்கு உரிய மாற்றம் எத்தனை கொசுக்களில் உள்ளது என்று மாநகராட்சிக்குச் சொல்ல முடிந்தால்தான் பயிற்சி நிறைவு பெறும்.

ஆப்பிரிக்காவிலும் இதே அனுபவம் உண்டு. 8 நாடுகளில் பிடித்த 765 கொசுக்களின் மரபணுத்தொகையை ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. அதன் பகுப்பாய்வு பெரும்பாலும் இங்கிலாந்தில் நடந்தது. அதன் பிறகு ஆப்பிரிக்க ஆய்வாளர்களே தரவைப் படிப்பதற்கான பயிற்சி வகுப்புகள் தொடங்கப்பட்டன. இணைய இணைப்பும் உலாவியும் இருந்தாலே செய்யக்கூடிய பாடங்களாக அவை அமைக்கப்பட்டன. பெரிய கணினி இல்லாத கல்லூரி மாணவருக்கும் ஏற்ற முறை இது.

கடல் கடந்த ஸ்டீபன்சி

இப்பயிற்சி அவசரமானதற்கு ஸ்டீபன்சியின் பயணமே காரணம். தெற்காசியாவிலும் அரேபியப் பகுதியிலும் மட்டும் இருந்த இக்கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. பின்னர் எத்தியோப்பியா, சூடான் எனப் பரவியது. ஆப்பிரிக்க நகரங்களில் மலேரியா குறைவாக இருந்ததற்கு, அங்குள்ள பழைய கொசு இனங்கள் நகரத்துத் தொட்டிகளில் அதிகம் பெருகாததும் ஒரு காரணம். அந்தப் பாதுகாப்பு இப்போது குறைகிறது.

தமிழருக்கு இன்னும் அருகில் நடந்தது இலங்கை நிகழ்வு. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டை வரிகளையும் டி.என்.ஏ. பகுதிகளையும் கொண்டு, வந்து சேர்ந்தது எவ்வகை என ஆராய்ந்தனர். அத்தீவில் பயிற்சி பெற்ற பூச்சியியலாளர்கள் கிணறுகளைத் தொடர்ந்து கண்காணித்து வந்ததால்தான் கொசு உடனே கண்ணில் பட்டது. நோய் இல்லாத நாட்டிலும் கொசு பார்ப்பவர் தேவை என்பதை இது காட்டியது.

இன்றைய நிலை

2022-இல் புதுச்சேரி மையம், ஓல்பாக்கியா என்ற நுண்ணுயிரைக் கொண்ட ஏடிஸ் எகிப்தி வகைகளை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. இந்நுண்ணுயிர் உள்ள கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. தில்லிப் பிரிவு கியூலெக்ஸில் ஆராய்ந்த முட்டை பொரியாமைக்கும் இதே நுண்ணுயிரே காரணம். வெளியில் விடுவதற்கு அரசின் அனுமதிகள் தேவை என்று அறிவிப்பின்போதே கூறப்பட்டது. 1975-க்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே கேள்விகள் மீண்டும் மக்கள் முன் வருகின்றன. இம்முறை அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இந்நாட்டிலேயே பயின்றவர்கள்.

உயிர்த்தகவலியல் படிக்க இன்று மாணவர்கள் பலர் முன்வருகின்றனர். கொசுவின் சிறகைப் பார்த்து இனம் சொல்லும் கல்விக்கு அத்தனை வரவேற்பு இல்லை. ஓய்வு பெறும் பூச்சி சேகரிப்பாளரின் இடம் நிரப்பப்படாமல் போனால், அவரிடம் இருந்த அறிவும் அவரோடு போய்விடும். ராஸின் காலம் முதல் சென்னைத் தொகுப்பு வரை ஒவ்வொரு முன்னேற்றமும் இவ்விரு திறமைகளும் சேர்ந்த இடத்தில்தான் நிகழ்ந்துள்ளது. ஆகவே கணினி கற்கும் மாணவரைச் சில வாரங்களாவது களத்துக்கு அனுப்புவதும், களப்பணியாளருக்கு மரபணுவியலின் அடிப்படையைத் தமிழிலேயே கற்பிப்பதும் பயன் தரும். தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏற அனுமதி கேட்கும் இளைஞர், தாம் தேடுவது என்ன என்பதை வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவராக இருந்தால், அடுத்த தொகுப்புக்கான கொசுவும் எளிதாகக் கிடைக்கும். தொட்டியின் மூடியும் சரி செய்யப்படும்.